கோரை மண்டிய நிலத்தில் ரோட்டவேட்டர் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் இதழில் வந்த களை நிர்வாகக் கட்டுரையில், ‘கோரை மண்டிய நிலத்தில் ரோட்டவேட்டர் ஓட்டினால் போதும்’ என்று ஒரு வரி வந்திருக்கிறது. அதைத் திருத்தி வெளியிடுங்கள். கத்திகள் சுழன்று மண்ணைக் கிளறும் அந்தச் சுழல்கலப்பையை ஓட்டினால் கோரை பெருகத்தான் செய்யும்.

ஒரு செடியை முக்கால் அடி ஆழத்துக்கு மண்ணோடு பெயர்த்து உதிர்த்துப் பார்த்தால் காரணம் புரியும். அடியில் குமிழ் போல ஒரு தடிப்பு, அதிலிருந்து கம்பி மாதிரி ஓடும் தண்டு, அதில் மணி கோத்ததுபோல் கருப்புக் கிழங்குகள். தொடர் அறுபடாத வரை அவற்றில் பல உறங்கிக் கிடக்கும். கத்தி பட்டு அறுந்தால் தனித்தனியாக முளைக்கும். கைக்களையிலும் இலைதான் கையோடு வரும். கிழங்கு மண்ணிலேயே தங்கிவிடும்.

இந்தக் கோரையின் பூங்கொத்து செம்பழுப்பாக இருக்கும். மஞ்சளாக இருந்து, வேர்த்தண்டின் நுனியில் ஒற்றைக் கிழங்கு மட்டும் இருந்தால் அது வேறு இனம். கிழங்கே இல்லாமல் நார்வேர் மட்டும் இருந்தால் ஓராண்டுக் கோரை. அதற்கு இவ்வளவு பாடு வேண்டாம்.

பயிரில்லாத நிலத்தில், கோரை 6 முதல் 8 இலை விட்டு, பூ எடுக்கும் முன் கிளைஃபோசேட் என்ற களைக்கொல்லியின் 41 சதவீதக் கரைசலை லிட்டர் தண்ணீருக்கு 10 மில்லி, அம்மோனியம் சல்பேட் 20 கிராம் கலந்து தெளிக்கலாம். இலை எட்டிப் பார்த்ததுமே அடிப்பதுதான் பலரும் செய்யும் தவறு. அப்போது சத்து கிழங்கிலிருந்து மேலே ஏறிக்கொண்டிருக்கும், மருந்து கீழே இறங்காது. வாய்க்கால் கலங்கல் நீரும் ஆகாது. களிமண் துகள் மருந்தைப் பிடித்துக்கொள்ளும். தெளித்த இரண்டு வாரத்துக்கு உழவு கூடாது. அறுந்து கிடந்த கிழங்குகளுக்கு மருந்து போய்ச் சேராது. அவை பிறகு முளைக்கும், இன்னொரு தெளிப்பு தேவைப்படும். கரும்பு நிற்கும்போது என்றால் ஹாலோசல்ஃபியூரான் என்ற களைக்கொல்லியின் நீரில் கரையும் 75 சதவீதக் குருணை, ஏக்கருக்கு 36 கிராம், கோரை 3–4 இலையில் இருக்கும்போது.

பெண்டிமெத்தலின் என்ற களைக்கொல்லி விதையில் முளைக்கும் களைகளுக்கானது, கிழங்கை ஒன்றும் செய்யாது. மற்ற களை போனதும் கோரைக்கு இடம் காலி செய்து கொடுத்த கதைதான்!

மருந்து வேண்டாம் என்பவர்கள் கடும் வெயில் காலத்தில் சட்டிக் கலப்பையால் புரட்டி, கிழங்கு மேலே காய்ந்து சுருங்கும்படி விடலாம். இடையில் மழை பெய்தால் மறுபடி புரட்ட வேண்டும். பிளாஸ்டிக் நிலப்போர்வையை நம்பாதீர்கள். கோரையின் ஊசி முனை தாளைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்துவிடும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்