அட்வான்ஸைத் திருப்பிக் கொடுப்பது பற்றி, சென்னை வீட்டு உரிமையாளர்களுக்கு

சென்னையில் வீட்டை வாடகைக்கு விட்டிருக்கும் சக உரிமையாளர்களுக்கு வணக்கம்.

கொளத்தூரில் எங்களுக்கு ஒரு வீடு இருக்கிறது. கீழே நாங்கள், மாடி போர்ஷனில் வாடகைக்கு ஒரு குடும்பம். வங்கிக் கடன் வாங்கிக் கட்டிய மாடி அது. மாதம் 15,000 ரூபாய் வாடகை வந்தால்தான் தவணை கட்ட முடியும். ஏழெட்டு வீடு வைத்திருப்பவர்களின் கணக்கு எனக்குத் தெரியாது. என்னைப் போல ஒரே ஒரு போர்ஷனை நம்பியிருப்பவர்களோடுதான் பேச விரும்புகிறேன், அதுவும் அட்வான்ஸைப் பற்றி மட்டும்.

முதலில் குடிவந்தவர்களிடம் பத்து மாத அட்வான்ஸ் வாங்கினேன், 1,50,000 ரூபாய். மாடிப்படிக்கு கிரில், பாத்ரூமுக்கு டைல்ஸ் என்று அது சீக்கிரமே கரைந்துவிட்டது. மூன்று வருடம் கழித்து, காலி செய்யப்போவதை அவர்கள் ஒரு மாதம் முன்பே முறையாகச் சொன்னார்கள். 'புது ஆள் வந்து அட்வான்ஸ் கொடுத்ததும் தந்துவிடுகிறேன்' என்றேன். சாமான் ஏற்றிய வண்டி வாசலில் நின்றபோது அந்தப் பெண் என்னிடம் வந்து, 'அக்கா, அந்த வீட்டு அட்வான்ஸுக்கு வளையலை அடகு வச்சிருக்கேன், வட்டி ஓடுது' என்றாள். பணத்தைக் கொடுத்து முடிக்க எனக்கு மூன்று மாதம் ஆனது. அதிலும் பெயிண்டிங் செலவு என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொண்டேன். தெருவில் எல்லோரும் பிடிக்கிறார்கள், நானும் பிடித்தேன். நானே பதினோரு வருடம் வாடகை வீட்டில் இருந்தவள். இதே பெயிண்டிங் காசுக்காக ஒரு வீட்டு வாசலில் கெஞ்சி நின்றவள். அது எப்படி மறந்துபோனது என்று இன்றும் மனசு உறுத்துகிறது.

அப்புறம்தான் சட்டம் என்ன சொல்கிறது என்று தேடிப் படித்தேன். 1960-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை நீக்கிவிட்டு, 2017-இல் இயற்றப்பட்ட புதிய வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியிலிருந்து தமிழ்நாட்டில் நடைமுறையில் இருக்கிறது. இரு தரப்பும் வேறு மாதிரி ஒப்புக்கொண்டால் தவிர, மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. காலி செய்த ஒரு மாதத்துக்குள், பாக்கி ஏதாவது இருந்தால் கழித்துக்கொண்டு, மீதியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். யார் எதைப் பழுதுபார்ப்பது என்றும் அதில் ஒரு அட்டவணை இருக்கிறது. குழாய் வாஷர் மாற்றுவது குடியிருப்பவர் பொறுப்பு. சுவருக்கு வெள்ளையடிப்பதும் கதவு ஜன்னலுக்குப் பெயிண்ட் அடிப்பதும் நம் பொறுப்பு. ஒப்பந்தத்தில் இதை மாற்றி எழுதிக்கொள்ளலாம் என்பதும் உண்மைதான். நாம் வழக்கமாகப் போடும் பதினோரு மாத அக்ரிமெண்டில் அப்படித்தான் எழுதி வைக்கிறோம். வீடு கிடைத்தால் போதும் என்று வருகிறவர் கையெழுத்துப் போடாமல் என்ன செய்வார்?

சரி, சட்டம் இருக்கட்டும். கணக்கைப் பாருங்கள். ஒன்றரை லட்சத்தை 6 சதவீத வட்டிக்குப் போட்டு வைத்தாலே வருடத்துக்கு 9,000 ரூபாய், மூன்று வருடத்தில் 27,000. அந்த வட்டியைக் குடியிருப்பவர் நம்மிடம் கேட்பதே இல்லை. வருமான வரிக் கணக்கிலும், சொத்து வரி போக மிச்சமுள்ள வாடகையில் 30 சதவீதத்தை ரசீது எதுவும் கேட்காமல் கழித்துக்கொள்ள விடுகிறார்கள். வருடம் 1,80,000 ரூபாய் வாடகை என்றால் ஏறக்குறைய 54,000 ரூபாய்க்கு வரி கிடையாது. வெள்ளையடிக்கும் காசு இந்த இரண்டிலேயே வந்துவிடுகிறது. அதற்கு மேலும் குடியிருந்தவரிடம் 15,000 பிடிப்பது எந்த வகையில் நியாயம்?

சிலர் வாடகை பாக்கி, கரண்ட் பில் பாக்கி வைத்துவிட்டுப் போகிறார்கள், கதவை உடைக்கிறார்கள். எனக்கும் ஒருமுறை நடந்தது. அட்வான்ஸ் வாங்குவதே அதற்காகத்தான். பில்லைக் காட்டிக் கழித்துக்கொள்ளுங்கள். குடிவரும் நாளில் இருவரும் சேர்ந்து நின்று சுவர், சிங்க், கதவு எல்லாவற்றையும் போட்டோ எடுத்துக்கொண்டால் பாதித் தகராறு வராது. ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்வதும் நமக்கே பாதுகாப்பு. இணையத்திலேயே செய்யலாம்.

நமக்கு உண்மையான பயம் வேறு. ஆடியில் வீடு காலியானால் ஆவணி வரை பால் காய்ச்ச ஆள் வராது, மார்கழியிலும் அப்படித்தான். தவணை மட்டும் நிற்காது. அந்தப் பயத்தில்தான் அட்வான்ஸில் கை வைக்கிறோம். இரண்டு மாதத் தவணையை வாடகையிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக ஒதுக்கி வைக்கப் பழகுங்கள். எனக்கு அதைச் சேர்க்க ஒன்றரை வருடம் பிடித்தது, ஆனால் சேர்ந்தது.

இப்போது மூன்று மாத அட்வான்ஸ்தான் வாங்குகிறேன். அதைத் தனியாக வைப்புநிதியில் போட்டு, ரசீதின் நகலைக் குடியிருப்பவரிடமும் கொடுத்திருக்கிறேன். அவர்கள் சித்திரையில் காலி செய்கிறார்கள். சாவி கைக்கு வரும் அன்றே 45,000 ரூபாயும் போய்ச் சேரும். உங்கள் மாடியில் இருப்பவர்களின் அட்வான்ஸ் இப்போது எங்கே இருக்கிறது என்று இந்த வாரம் ஒருமுறை பாருங்கள்.

இப்படிக்கு,
கொளத்தூரிலிருந்து ஒரு வீட்டு உரிமையாளர்