ஈமு முட்டைக்குத் தண்ணீர்த் தட்டு எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குஞ்சு பொரிக்கும் கருவியான இன்குபேட்டரில், வீட்டிலேயே ஈமு முட்டையை அடை வைப்பது பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரையை இணையத்தில் படித்தேன். நான் வாழ்க்கைப்பட்டு வந்தது தென்னாப்பிரிக்காவுக்கு, டர்பனுக்கு வடக்கே வெருலம் என்ற ஊருக்கு. ஊருக்கு வெளியே கரும்புக் காட்டை ஒட்டி மாமனாருக்குக் கொஞ்சம் நிலம் இருக்கிறது. அங்கே சில ஈமுக்கள் வளர்கின்றன. முட்டைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை என்னுடையது.

முதலில் படம். கட்டுரையோடு வந்திருக்கும் வெளிர்நிற முட்டை தீக்கோழியுடையது. அது பொரிக்க 42 நாள். ஈமு முட்டை கரும்பச்சையாக இருக்கும், ஏறத்தாழ 50 நாள் ஆகும். படம் தவறானதைக்கூட விட்டுவிடலாம். "37.5 டிகிரி சூடு, 60 சதவீத ஈரப்பதம், தண்ணீர்த் தட்டு வற்றவே கூடாது" என்று எழுதியிருக்கிறீர்களே, அதை விட முடியவில்லை. அது கோழி முட்டைக்கான கணக்கு. ஈமுவுக்குச் சூடு 36.4 டிகிரி அளவில் போதும். ஈரப்பதமும் 25 முதல் 35 வரை இருந்தால் போதும்.

ஏன் இவ்வளவு குறைவு? அடையில் இருக்கும் நாட்களில் முட்டை தன் எடையில் 12 முதல் 15 சதவீதம் குறைய வேண்டும். ஓட்டின் நுண்துளைகள் வழியாக நீர் ஆவியாகிப் போகப் போக, உள்ளே காற்றறை பெரிதாகும். ஓட்டை உடைக்கும் முன்பு குஞ்சு முதல் மூச்சு விடுவது அந்தக் காற்றறைக்குள்தான். ஈரம் மிஞ்சினால் காற்றறை சிறுத்துவிடும், குஞ்சு நீர்கோத்து ஊதிப்போய் அசைய இடமில்லாமல் செத்துவிடும். எங்கள் பக்கத்து வீட்டுக்காரர், இன்குபேட்டர் விற்றவர் சொன்னபடி தட்டை நிரப்பிக்கொண்டே இருந்தார். முழுசாக வளர்ந்த குஞ்சுகள் ஓட்டுக்குள்ளேயே கழுத்து வீங்கிக் கிடந்ததைப் பார்த்தவள் நான்.

ஈமு குளிர்காலத்தில் முட்டையிடும். இங்கே அது ஜூன், ஜூலை. மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிற ஆடி மாதத்தில் எங்கள் இன்குபேட்டர் நிறைந்திருக்கும். அப்போது எங்கள் வீட்டு அறைக்காற்று 20 டிகிரியில் 70 சதவீத ஈரத்தோடு இருக்கிறது என்று வையுங்கள். சூடான காற்று கூடுதல் ஈரத்தைத் தாங்கும் என்பதால், அதே காற்று கருவிக்குள் போய் 36.4 டிகிரிக்குச் சூடேறினால் ஈரப்பதம் 27 சதவீதத்துக்கு இறங்கிவிடும். ஒரு சொட்டுத் தண்ணீர் வைக்காமலேயே வேண்டிய அளவு! ஆனால் என் நாத்தனார் இருக்கும் லெனேசியா, ஜொகனஸ்பர்க் மேட்டுநிலத்தில் 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே குளிர்காலக் காற்று உதட்டை வெடிக்க வைக்கும். அதைச் சூடாக்கினால் பத்துப் பன்னிரண்டு சதவீதத்துக்கு வந்துவிடும், ஆகவே அவள் தண்ணீர் வைத்தாக வேண்டும். உங்கள் சென்னை வாசகர்களுக்கோ நிலைமை நேர்மாறு. அங்கே ஈமு முட்டையிடும் மார்கழியில் 25 டிகிரி, 80 சதவீதம் என்றால், தட்டே இல்லாமல் கருவிக்குள் 40-ஐத் தாண்டும். தண்ணீர் ஊற்றச் சொல்வதை விட்டு, கருவியை ஏசி அறையில் வைக்கச் சொல்லியிருக்க வேண்டும்.

அதனால்தான் நான் ஈரப்பதம் காட்டும் முள்ளை நம்புவதில்லை, சமையலறைத் தராசை நம்புகிறேன். 600 கிராம் முட்டை என்றால் மொத்தம் 72 முதல் 90 கிராம் குறைய வேண்டும். வாரத்துக்குப் பத்துப் பன்னிரண்டு கிராம். வெள்ளிக்கிழமை தோறும் எடை போட்டுக் காலண்டர் ஓரத்தில் எழுதிவிடுவேன். குறைவு போதவில்லை என்றால் காற்றோட்டத் துளையைத் திறப்பேன், அதிகமானால் சின்னக் கிண்ணத்தில் தண்ணீர் வைப்பேன். ஆகஸ்டில் உள்நாட்டிலிருந்து பெர்க் என்ற வறண்ட காற்று சுடச்சுட வீசும் நாட்களில் எங்களுக்கும் கிண்ணம் தேவைப்படும். ஒரே வீட்டிலேயே வாரத்துக்கு வாரம் மாறுகிற சங்கதிக்கு 60 என்று ஒரே எண்ணை அச்சடித்துக் கொடுத்தால் எப்படி?

"ஏழாம் நாள் டார்ச் அடித்துக் கருவைப் பாருங்கள்" என்பதும் கோழிக்கதைதான். ஈமு ஓட்டின் நிறத்துக்குச் சாதாரண டார்ச் வெளிச்சம் ஊடுருவாது. அதற்குப் பதிலாக வேறொரு வழி இருக்கிறது. கடைசி வாரம் முட்டையைச் சமதளமான மேசையில் வைத்து மெல்லத் தட்டுங்கள், அல்லது விசிலடியுங்கள். உள்ளே உயிர் இருந்தால் முட்டை பதிலுக்கு ஆடும். ஆயாவுக்கு இதில் அவ்வளவு குஷி, பேரன்களைக் கூப்பிட்டு விசிலடிக்கச் சொல்வார். அதற்கு முன்பே நாற்றம் அடித்தாலோ ஓட்டில் கசிவு தெரிந்தாலோ உடனே எடுத்துவிடுங்கள். கூமுட்டை கருவிக்குள் வெடித்தால் மற்ற முட்டைகளும் கெடும், வீட்டிலும் உட்கார முடியாது.

முட்டையைப் படுக்க வைத்துத் திருப்பும்போது அடையாளத்துக்குப் பென்சில் கோடு போடச் சொல்கிறீர்கள். கரும்பச்சையில் பென்சில் எங்கே தெரியும்? சாக்பீஸ் போதும்.

மின்வெட்டு பற்றிக் கட்டுரை பயமுறுத்துகிறது. 2022, 2023-இல் இங்கே லோட்ஷெடிங் உச்சத்தில் இருந்தபோது இரண்டு மணி நேரம், சில சமயம் நாலு மணி நேரம் கரண்ட் போகும். மூடியைத் திறக்காமல் மேலே ஒரு கம்பளியைப் போட்டுவிட்டுப் பேசாமல் இருந்துவிடுவோம். இவ்வளவு பெரிய முட்டை சட்டென்று ஆறிவிடாது. பதறிப்போய் வெந்நீர் பாட்டில் வைத்துச் சூட்டை ஏற்றுவதுதான் ஆபத்து.

அப்புறம், "தாய்ப்பறவை போல" என்று எழுதியிருக்கிறீர்கள். ஈமுவில் முட்டையிடுவதோடு தாயின் வேலை முடிந்தது. எட்டு வாரம் ஏறக்குறைய அன்ன ஆகாரமில்லாமல் அடை காப்பது தகப்பன்தான்.

கடைசிப் பத்தியில் "நல்ல வருமானம்" என்று ஒரு வரி. நான் தாராபுரத்துக்காரி. பெருந்துறைப் பக்கம் ஈமுவில் பணம் போட்டு 2012-இல் தெருவுக்கு வந்த குடும்பங்கள் எங்கள் சொந்தத்திலேயே உண்டு. அந்த வரியை நீங்கள் தாராளமாக எடுத்துவிடலாம். அந்த இடத்தில், பொரித்த குஞ்சை நியூஸ்பேப்பர் மேலும் டைல்ஸ் மேலும் விடக் கூடாது என்று போடுங்கள். வழுக்கினால் கால் இரண்டும் பக்கவாட்டில் விரிந்து, அப்புறம் நிற்கவே முடியாமல் போகும். ரப்பர் பாய் அல்லது பழைய கார்ப்பெட் துண்டு விரிக்க வேண்டும். முதல் இரண்டு மூன்று நாள் வயிற்றில் மிச்சமிருக்கும் மஞ்சள் கருவே அதற்குச் சாப்பாடு. தீனி திணிக்க வேண்டியதில்லை.

இப்படிக்கு,
வெருலம் வாசகி,
தென்னாப்பிரிக்கா