ஊற்றமுதல் வடிகால்

திருகோணமலை

அன்பு மச்சான்,

உன் கடிதமும் படங்களும் கிடைத்தன. இங்கே கச்சான் காற்று தொடங்கிவிட்டது, மத்தியானத்தில் அறைக்குள்ளேயே 34 பாகை. வேறு புதினம் இல்லை, நேரே நீ தண்ணீரால் குளிர்விக்கக் கட்டும் கணினிப் பெட்டிக்கு வருகிறேன்.

குழாய் வளைவுகள் நல்ல வடிவு. ஆனால் வடிகால் எங்கே? ஒரு வருடம் கழித்தென்றாலும் அந்தத் தண்ணீரை வெளியே எடுக்கத்தானே வேண்டும்? ஊற்றமுதல் அதைப் போட்டுவிடு. தண்ணீர் ஓடும் சுற்றில் எது ஆகப் பதிவான இடமோ, அனேகமாகப் பம்பின் வெளிவாய்ப் பக்கம், அங்கே ஒரு ரீ பிற்றிங் (மூன்று வாய் இணைப்பு), அதன் கீழ்வாயில் பந்து வால்வு, வால்வின் வாயில் ஒரு மூடி. எல்லாம் நீ பாவித்திருக்கும் அதே ஜி 1/4 அளவுப் புரிதான். மூடியை விட்டுவிடாதே, கை தட்டி வால்வு திறபட்டால் கடைசிக் காவல் அதுதான். பிற்றிங்கைக் கையால் மட்டும் இறுக்கு. அடைப்பது ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம், இறுக்கம் அல்ல. குறடு போட்டால் ஓ-ரிங் பிதுங்கும், அக்கிரிலிக் வெடிக்கும்.

பாகங்களை எந்த ஒழுங்கில் தொடுப்பது என்று கேட்டாய்: தண்ணீர்த் தொட்டிக்குப் பின் பம்ப், தொட்டி பம்பை விட உயரம். மிச்சம் எது முதல், எது பின் என்பது பெரிய விஷயம் இல்லை. தண்ணீர் வேகமாகச் சுற்றுவதால் எங்கே அளந்தாலும் ஓரிரு பாகைதான் வித்தியாசம். கன்னியா வெந்நீரூற்றில் கிணற்றுக்குக் கிணறு சூடு மாறுவது மாதிரி இங்கே நடக்காது.

கிணற்றுத் தண்ணீர் வேண்டாம், கொதிக்கவைத்து ஆற்றினாலும் உப்பு உள்ளேதான் நிற்கும். காய்ச்சி வடித்த தண்ணீர் எடு. பற்றரிக்கு விடும் தண்ணீர் வாங்கினால் சீல் உடையாத போத்தலாகப் பார், பழைய அசிட் போத்தலில் நிரப்பித் தருவதைத் தொடாதே. அதில் கலக்கும் குளிர்விப்பு அடர்திரவம் பெரும்பாலும் 100 மி.லீ.க்கு 900 மி.லீ. தண்ணீர், போத்தலில் எழுதியிருப்பதே கணக்கு. பால் நிறத் திரவம் படத்துக்கு வடிவு, பிறகு துகள் படிந்து, சிப்பின் சூட்டை எடுக்கும் பிளொக்கின் செதில்களை அடைக்கும். தெளிந்ததையே போடு.

ஊற்றும் நாளில் மதர்போட், கிராபிக்ஸ் காட் இரண்டினதும் மின்வயர்களைக் கழற்றிவிடு. பம்புக்கு மட்டும் கரண்ட். பவர் சப்ளையிலிருந்து வரும் 24 முனை இணைப்பில் 16ஆம் முனையையும் பக்கத்துக் கறுப்பு வயரையும் குறுக்கே இணைத்தால் பவர் சப்ளை தனியே ஓடும். கரண்ட் இல்லாத பாகத்தில் தண்ணீர் விழுந்தால் துடைத்துக் காயவிடலாம். ஒவ்வொரு பிற்றிங்கின் கீழும் கடதாசித் துவாய் வை, முதல் துளி அதில்தான் தெரியும்.

ஒரு லீற்றரை அளந்து வைத்துக்கொண்டு தொடங்கு. தொட்டியை நிரப்பு, பம்பைச் சில செக்கன் ஓடவிடு, தொட்டி வெறுமையாகமுதல் நிறுத்து, திரும்ப ஊற்று. பம்பின் பெயாரிங்குக்குத் தண்ணீர்தான் எண்ணெய். வெறுமனே ஓடினால் கரகரவென்று சத்தம் வரும், பிறகு பம்ப் போய்விடும்.

சுற்று நிரம்பிய பிறகுதான் பொறுமை வேண்டும். காற்று மேலே போகத்தான் பார்க்கும், நீ வழி விட்டால் போதும். தொட்டியின் மேல் மூடியைத் திறந்து வைத்து, பம்பை நிறுத்தி, பெட்டியை மெல்லச் சரி. ரேடியேற்றரின் வாய்கள் மேல்நோக்கி வரும்படி கொஞ்ச நேரம் பிடி. வாய்கள் கீழ்நோக்கி இருந்தால் எதிர்முனையில் காற்று அடைபட்டு நிற்கும், பம்ப் எவ்வளவு உதைத்தாலும் வராது. பிறகு முழு வேகம், ஒரு நிமிடம் நிறுத்தம், திரும்ப ஓட்டம். திரும்பிவரும் குழாயின் வாய் நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கவேண்டும். மேலிருந்து கொட்டினால் நீயே புதிதாகக் குமிழ் செய்கிறாய். மட்டம் இறங்கினால் உடனே பயப்படாதே. துவாய் காய்ந்திருந்தால் அது வெளியேறிய காற்றின் இடம். மணல்போன்ற சின்னக் குமிழ்கள் போகச் சில நாள் எடுக்கும்.

தொட்டியை விளிம்புவரை நிரப்பாதே. 30 பாகையிலிருந்து 50க்குப் போனால் ஒரு லீற்றர் ஏறத்தாழ 8 மி.லீ. விரியும்.

மொத்தம் எத்தனை மி.லீ. போனது என்று பெட்டியின் உள்பக்கத்தில் எழுதி ஒட்டு. வடிக்கும்போது உதவும்: 950 போட்டு 700 வந்தால், 250 இன்னும் ரேடியேற்றரிலும் பிளொக்கிலும் நிற்கிறது. அந்த நேரம் கழற்றினால் கிராபிக்ஸ் காட்டின் மேல்தான் கொட்டும். வால்வில் மெல்லிய குழாய் மாட்டிப் போத்தலுக்குள் விட்டு, வால்வைத் திற. கொஞ்சம் வந்து நின்றுபோகும், காற்று உள்ளே போக வழியில்லை. மேல் மூடியைத் திறந்தால் ஓடும். மிச்சத்துக்குப் பெட்டியைச் சரித்து, மேலிருந்து வாயால் ஊது. ரயர் கடைக் கொம்பிரசர் வேண்டாம், தொட்டி பிளக்கும். பம்பைப் போட்டு வடிக்கவும் நினையாதே.

வடித்ததை முற்றத்தில் ஊற்றாதே. எதிலீன் கிளைக்கோல் இருந்தால் இனிக்கும், நஞ்சு. நாய் பூனை மட்டுமா, இங்கே மான்களும் தெருவில் திரிகின்றன. மூடிய போத்தலில் பெயர் எழுதி வை.

வால்வு போட்ட படத்தை அனுப்பு. அதுவரை போத்தலைத் திறக்காதே.

உன் பழைய கூட்டாளி