ராகிக் களிக்கும் மீன் பெட்டிக்கும் நன்றி

அன்புடையீர், வணக்கம்.

தாராவியில் பெருங்குடல் புற்றுநோய்க்காக மலத்தில் ரத்தம் இருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனை முகாமுக்குத் தோள்கொடுத்தவர்களுக்கு இந்த மடல். அரசின் புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டத்தில் வாய், மார்பகம், கருப்பைவாய் மட்டுமே உண்டு; குடலுக்கு நாமேதான் கேட்டுப் போக வேண்டும்.

முதல் வணக்கம், மலத்துக்குப் பதில் ராகிக் களியை வைத்துச் சாம்பிள் எடுப்பதைச் செய்து காட்டிய அக்காமார்களுக்கு. மலம் தண்ணீரில் விழுந்தால் சாம்பிள் வீண். கழிப்பறைப் பீங்கானில் செய்தித்தாளை விரித்து, விழுந்ததை நாலைந்து இடத்தில் குச்சியால் சுரண்டி, குச்சி முனையின் வரிப்பள்ளம் நிறைந்ததும் குப்பியில் செருகினால் போதும். அள்ளி அப்பினால் முடிவு கெடும். மாதவிலக்கு நாளிலும், மூலத்தில் ரத்தம் வரும்போதும் எடுக்கக் கூடாது. ஆண்கள் கூடத்தில் இதையெல்லாம் கூச்சமில்லாமல் சொன்னார்களே, அதற்கே தனி நன்றி.

குப்பிகளை வெயில் படாமல் வைக்கப் புதுத் தெர்மோகோல் பெட்டிகள் தந்த மீன் வியாபாரி அண்ணாச்சிக்கு அடுத்தது. இந்தச் சோதனை தேடுவது மனித ரத்தத்தின் ஹீமோகுளோபினை. அதனால் கறி, மீன் சாப்பிட்டவர்களும் தரலாம். ஆனால் மும்பை வெயிலில் குப்பி கிடந்தால் ஹீமோகுளோபின் சிதைந்து, ரத்தம் இருந்தும் 'இல்லை' என்று வந்துவிடும்.

சோதனையில் ரத்தம் தெரிந்தவர்களின் வீட்டுக்கே போய்ப் பேசிய தம்பிகளே, உங்கள் வேலைதான் கடினம். "மூலம்தான், இன்னொரு தடவை டெஸ்ட் பண்ணிக்கிறேன்" என்பார்கள். குடலுக்குள் வளரும் சதைமொட்டு விட்டு விட்டுத்தான் கசியும்; மறுசோதனையில் ரத்தம் இல்லையென்றால் அது ஆறுதல் இல்லை, ஏமாற்று. அடுத்த படி, கேமரா பொருத்திய குழாயைக் குடலுக்குள் விட்டுப் பார்க்கும் கொலோனோஸ்கோப்பிதான். மொட்டு புற்றாக மாறப் பெரும்பாலும் பத்தாண்டு ஆகும். அதற்குள் அகப்பட்டால் அப்போதே வெட்டி எடுத்துவிடலாம்.

துண்டறிக்கையைத் திருத்திய அச்சக நண்பருக்கு: அமெரிக்காவில் 2021இல் இந்நோய்க்கான பரிசோதனையைத் தொடங்கும் வயதை 50இலிருந்து 45 ஆக்கினார்கள் என்பதோடு, பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ இந்நோய் வந்திருந்தால் 40 வயதில், அல்லது அவர்களுக்கு வந்த வயதுக்குப் பத்தாண்டு முன்பே தொடங்கணும் என்ற வரியைப் பெரிதாகப் போட்டீர்கள். நல்ல யோசனை.

கடைசியாக, சொந்தக் கழிப்பறையைத் திறந்துவிட்ட ஆறு வீட்டுக்காரர்கள். கொலோனோஸ்கோப்பிக்குப் பேதி மருந்தில் பாதியை முந்தின இரவும் மீதியை அன்று விடியற்காலையும் குடிக்க வேண்டும். பொதுக் கழிப்பறை வரிசையில் நிற்க முடியாது என்றே பலர் பாதியில் நிறுத்திவிடுவார்கள். குடல் சுத்தமாகாமல் மொட்டு கண்ணுக்குத் தப்பும். அந்த இரவுகளில் உங்கள் கதவுக்குத் தாழ் இல்லை.

நன்றியுடன்,
முகாம் குழுவினர், தாராவி, மும்பை