‘ஷாம்ராக் 5’ படகுக்குப் பித்தளைச் சாமான்களை ஏன் நிறுத்தினோம்?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். ரேடியோவில் ஓட்டும் ‘ஷாம்ராக் 5’ மாதிரிப் படகுக்கான பித்தளைத் தளச் சாமான் (படகின் மேல்தளத்தில் பொருத்தும் சிறு பாகங்கள்) பெட்டியை இனி நாங்கள் விற்பதில்லை. அந்த இடத்தில் பாக்ஸ் மரமும் பிளாஸ்டிக்கும் கொண்டு செய்த பெட்டி வந்திருக்கிறது. விலை அதேதான். “பித்தளை போய்ப் பிளாஸ்டிக்கா?” என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி. அதற்கான விளக்கமே இந்த மடல்.

அசல் படகு 1930-இல் இங்கிலாந்தின் காஸ்போர்ட்டில் சார்லஸ் நிக்கல்சன் வடிவமைப்பில் உருவானது. எஃகுச் சட்டத்தின் மேல் மஹோகனிப் பலகை, பச்சை வண்ண உடல். தேயிலை வியாபாரி தாமஸ் லிப்டன் ‘அமெரிக்கா கோப்பை’ என்ற பாய்மரப் படகுப் பந்தயத்தில் ஐந்தாவது முறையாக மோதியது இந்தப் படகில்தான். நியூபோர்ட் கடலில் ‘என்டர்பிரைஸ்’ படகிடம் 4-0 எனத் தோற்றார். லிப்டன் 1890-இல் இலங்கையில் தோட்டங்கள் வாங்கியவர். ஹப்புத்தளைப் பக்கம் நம் தோட்டத் தொழிலாளர்கள் பறித்த கொழுந்தும் அவருடைய செல்வத்தில் சேர்ந்திருக்கிறது. அதனால் இந்தப் படகின் மீது எங்களுக்குத் தனிப் பிரியம் உண்டு.

சுமார் 36 மீட்டர் நீளமுள்ள அந்தப் படகு, 1:24 அளவில் ஒன்றரை மீட்டராகிறது. படகைச் சுருக்கலாம், காற்றைச் சுருக்க முடியாது. படகைச் சாய்க்கும் விசை, பாயின் பரப்பையும் அதன் உயரத்தையும் பொறுத்தது. அது அளவின் மும்மடிக்கு (24×24×24) ஏற்பக் குறைகிறது. படகை நிமிர்த்தும் விசையோ, எடையையும் அந்த எடை தொங்கும் ஆழத்தையும் பொறுத்தது. அது நான்மடிக்கு (24×24×24×24) ஏற்பக் குறைந்துவிடுகிறது. அதாவது, ஒரே காற்றில் அசலைவிட மாதிரி 24 மடங்கு எளிதில் சாயும். அசலில் இல்லாத ஆழமான கீலையும் (படகின் அடியில் நீருக்குள் நீளும் துடுப்பு போன்ற பகுதி) ஈயக் குண்டையும் நாம் மாட்டுவது இதற்காகத்தான்.

இப்போது பித்தளைக்கு வருவோம். 12 மி.மீ. குறுக்களவும் அதே உயரமும் உள்ள ஒரு விஞ்சு (கயிற்றைச் சுற்றி இழுக்கும் உருளை), பித்தளையில் 11 கிராமுக்கு மேல் நிற்கும். பாக்ஸ் மரத்தில் ஒன்றரை கிராம்கூட வராது. தளத்தில் இப்படிப் பத்துச் சாமான்கள் ஏறினால் என்ன ஆகும் என்று கணக்கிட்டுப் பாருங்கள். பாய்மரத்தில் இது இன்னும் கொடுமை. நீர்மட்டத்துக்கு 1.8 மீட்டர் மேலே 10 கிராம் கப்பி ஒன்றைக் கட்டினால், அதைச் சமன்செய்ய 30 செ.மீ. ஆழத்தில் 60 கிராம் ஈயம் கூட்ட வேண்டும். கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கும் படகுக்குப் பித்தளை அழகு. ஏரியில் ஓடும் படகுக்கு வேண்டாம்.

எடை கூடாமல் அசல் தோற்றம் வர வேண்டுமானால், முதலில் தளத்தில் உழையுங்கள். பார்ப்பவர் கண் அங்கேதான் போகும். 4 மி.மீ. அகலப் பைன் கீற்றுகளை எடுத்து, ஒவ்வொன்றின் ஒரு விளிம்பில் மட்டும் மென்மையான பென்சிலை அழுத்தித் தேய்த்து, அடுத்த கீற்றோடு ஒட்டுங்கள். உப்புத்தாள் போட்டபின் தலைமுடி அளவு கருங்கோடு தெரியும். பலகை இடுக்கை அடைத்த தார் போலவே இருக்கும். கறுப்பு மையால் கோடு இழுத்தால் வார்னிஷ் பட்டதும் கசிந்துவிடும். மேலே பளபளப்பு வார்னிஷ் அடிக்காதீர்கள். சிறிய பொருளில் முழுப் பளபளப்பு விளையாட்டுச் சாமான் தோற்றத்தைத் தந்துவிடும். அரைப் பளபளப்பே போதும். உடலின் பச்சையையும் அசலைவிட ஒரு பிடி வெளிறச் செய்யுங்கள்.

பாய்க்கு அசல் பருத்தித் துணி வேண்டும் என்று சிலர் கேட்கிறீர்கள். 1930-இல் பருத்திதான். ஆனால் மாதிரியில் பருத்தி தண்ணீரைக் குடித்து, இருக்கக் கூடாத உயரத்தில் எடையைச் சேர்க்கும். பாலாடை நிறத்தில் மெல்லிய பாலியெஸ்டர் துணி வாங்கி, குறுகிய பட்டைகளைத் தைத்த தையல் வரிகளைப் பென்சிலால் வரையுங்கள். பாயில் படகின் வகுப்பைக் காட்டும் ‘ஜே’ எழுத்தையும் அதன்கீழ் ‘கே 3’ என்ற எண்ணையும் மறக்க வேண்டாம். கயிறுகளில் நைலான் கூடாது. நனைந்தால் நீளும், பாய் தளரும். இழுபடும் கயிறுகளுக்கு வைக்கோல் நிறமும், பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகளுக்குச் சாம்பல் நிறமும் பொருந்தும்.

எந்த ஆண்டின் படகைச் செய்கிறீர்கள் என்று முதலிலேயே முடிவெடுத்துவிடுங்கள். இன்று மிதக்கும் ‘ஷாம்ராக் 5’ பலமுறை புதுப்பிக்கப்பட்டது. அதன் புகைப்படத்தில் உள்ள நவீனச் சாமான்கள் லிப்டன் காலத்தவை அல்ல. தளத்தைச் சுற்றிக் கம்பிவேலி கேட்பவர்கள் 1930 பந்தயப் படங்களைப் பாருங்கள், வேலியே இருக்காது.

மாலுமிப் பொம்மைகள் ஏழு செ.மீ. உயரம் இருந்தால் சரி. வெள்ளை உடுப்பில் நான்கைந்து பேரைப் பின்பக்கம் உட்கார வையுங்கள்; முன்பாயின் கயிறு போகும் வழியில் யாரையும் நிறுத்தாதீர்கள். பொம்மையின் கையிலோ கயிறு கட்டும் கொக்கியிலோ அந்தக் கயிறு ஒரு முறை சிக்கினால் போதும், பாய் மறுபக்கம் திரும்பாது; படகு எதிர்க்கரை நோக்கிப் போய்க்கொண்டே இருக்கும், நீங்கள் கையில் ரிமோட்டோடு பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். கொக்கிகளின் நுனியை உருட்டிவிட்டால் இந்தத் தொல்லை பெரும்பாலும் தீரும்.

தளத்தின் கண்ணாடிக் கூரையை ஒட்டிவிடாமல் காந்தத்தில் நிறுத்துங்கள். அதன் கீழே சுவிட்சும் பேட்டரியும் ஒளிந்துகொள்ளும். ரிசீவரின் ஆன்டெனா நீர்மட்டத்துக்கு மேலே, உலோகத்தை ஒட்டாமல் இருக்கட்டும், ரிமோட்டின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை தண்ணீருக்குள் ஊடுருவி வராது.

பித்தளைப் பெட்டி வாங்கி இன்னும் பிரிக்காதவர்கள், ரசீதோடு கொண்டுவந்து புதிய பெட்டியை மாற்றிக்கொள்ளலாம். ஏற்கெனவே பொருத்திவிட்டவர்கள் படகைக் கடைக்கு எடுத்து வாருங்கள். தொட்டியில் மிதக்கவிட்டு, எதைக் கழற்றுவது, எதை விடுவது என்று சேர்ந்து பார்ப்போம். அதற்குக் கட்டணம் இல்லை.

அன்புடன்,
கடைப் பணிமனையினர்