பாட்டுக்கு முன்னால் ஒரு வரி: மெல்லிசைக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டத் திருவிழா மேடைகளில் பாடுகிற மெல்லிசைக் குழுத் தலைவர்களுக்கும், மைக்கைப் பிடித்து ஒவ்வொரு பாட்டையும் அறிவிக்கிற தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

நான் காவேரிப்பட்டணத்துக்காரன். 1988 தொடங்கிப் பதினாறு ஆண்டுகள் கேசட்டில் பாட்டுப் பதிவு செய்து கொடுக்கும் கடை வைத்திருந்தேன். நான் கடையை மூடிய 2004இல்தான் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது. துண்டுச் சீட்டில் பாட்டு எழுதிக்கொண்டு வருவார்கள். அறுபது நிமிடக் கேசட்டில் பன்னிரண்டு பாட்டு அடங்கும். ஒரு பாட்டு ஓடி முடியும்வரை எனக்கு வேறு வேலை கிடையாது. அந்த நேரத்தில் இசைத்தட்டு உறையின் பின்பக்கத்தைப் படிப்பேன். படித்ததையும் கேட்டறிந்ததையும் இரண்டு நீளமான கணக்கு நோட்டுகளில் எழுதி வைத்தேன். இடது பக்கம் பாட்டு, வலது பக்கம் ஆட்கள். ஒருவர் இன்னொருவரிடம் வேலை பார்த்திருந்தால் இருவருக்கும் நடுவே சிவப்பு மையில் கோடு. ரத்த உறவு என்றால் நீல மையில். இசையமைப்பாளர் ஜி.கே. வெங்கடேஷ் பக்கத்தில் கோடு போட்டுப் போட்டுக் காகிதமே கிழிந்துபோய், பின்னால் செல்லோடேப் ஒட்டி வைத்திருக்கிறேன்.

இந்த மடலை எழுத வைத்தவரும் அவர்தான்.

சென்ற ஆடி மாதம் ஓர் அம்மன் கோயில் திருவிழாவில் உங்களில் ஒரு குழு 'தேன் சிந்துதே வானம்' பாடியது. பாடிய பையனும் பெண்ணும் அற்புதமாகப் பாடினார்கள். ஆனால் பாட்டுக்கு முன்னால், "இசைஞானியின் இன்னிசையில்" என்று அறிவித்தார்கள். எனக்குப் பக்கத்தில் பாயில் உட்கார்ந்திருந்த பெரியவர் தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக்காரர், வீட்டில் கன்னடம் பேசுகிறவர். "இது நம் ஜி.கே.வி. பாட்டு ஆயிற்றே" என்று சட்டென்று என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் மேடைக்குப் பின்னால் போய்ப் பணிவாகச் சொன்னேன். அறிவிப்பாளர் தம்பி, "யாருக்குத் தெரியப்போகிறது, ஐயா?" என்றார். வேலை நெருக்கடியில் சொன்ன சொல், மனத்தில் கோபமில்லை. ஆனால் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியே தீர வேண்டும் என்று தோன்றிவிட்டது. தெரிகிறது, தம்பி. பாயில் உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தெரிகிறது. தெரியாதவர்களுக்கோ, தெரிந்தால் பாட்டு இன்னும் இனிக்கும்.

அந்தப் பாட்டு இடம்பெற்ற 'பொண்ணுக்குத் தங்க மனசு' 1973இல் வந்த படம். இளையராஜாவின் முதல் படமான 'அன்னக்கிளி' 1976இல் வந்தது. இடைப்பட்ட காலத்தில் அவர் ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளராக வேலை பார்த்தவர். குழப்பம் அங்கேதான் முளைக்கிறது. "இளையராஜாவின் குருமார்களில் ஒருவர் இசையமைத்த பாட்டு" என்று சொல்லியிருந்தால் குருவுக்கும் மரியாதை, சீடருக்கும் மரியாதை. இப்போது சொன்னதில் இருவருக்குமே மரியாதை இல்லை. தம் குருவின் பாட்டைத் தமக்கு யாராவது எழுதி வைப்பதை எந்தச் சீடரும் விரும்ப மாட்டார்.

நம் இரு மாவட்டங்களில் இந்தத் தவறு இன்னும் அதிகமாக வலிப்பதற்குக் காரணம் உண்டு. ஓசூரில் நின்றால் பெங்களூரு ஒரு கூப்பிடு தூரம். ஒரே தெருவில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் புழங்குகிற ஊர்கள் நம்முடையவை. பெங்களூரு வானொலியையும் இலங்கை வானொலியையும் மாற்றி மாற்றித் திருப்பிக் கேட்டு வளர்ந்த தலைமுறை என்னுடையது. 1972இல் வந்த 'பங்காரத மனுஷ்ய' கன்னட நாட்டையே உலுக்கிய படம், இசை ஜி.கே. வெங்கடேஷ். 1974இல் 'சம்பத்திகே சவால்' படத்தில் 'யாரே கூகாடலி' பாட்டைக் கன்னட நடிகர் ராஜ்குமாரையே பாட வைத்தவரும் அவர்தான். அதற்கு முன்பெல்லாம் ராஜ்குமாரின் குரலாக இருந்தவர் யார்? 1961இல் 'பாவமன்னிப்பு' படத்தில் நமக்குக் 'காலங்களில் அவள் வசந்தம்' பாடிய அதே பி.பி. ஸ்ரீநிவாஸ். தேன்கனிக்கோட்டைப் பெரியவருக்கு ராஜ்குமாரின் குரல். எனக்கு ஜெமினி கணேசனின் குரல். ஒரே பாயில் உட்கார்ந்திருந்த எங்கள் இருவருக்கும் நடுவே இத்தனை சொந்தம் இருந்தது. மேடையிலிருந்து ஒரு வரி வந்திருந்தால் அந்தப் பந்தலே அதை அறிந்திருக்கும்.

இதே வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்த இன்னொருவர் எல். வைத்தியநாதன். 1982இல் வந்த 'ஏழாவது மனிதன்' படத்தில் பாரதியார் பாடல்களுக்கு இசையமைத்தவர். தொலைக்காட்சியில் 'மால்குடி டேஸ்' தொடருக்கு இசை தந்தவர். அவருடைய இளைய தம்பி எல். சங்கர் வயலினை எடுத்துக்கொண்டு அமெரிக்கா போனார். அங்கே ஜான் மெக்லாக்ளின் என்ற ஆங்கிலேய கிட்டார் கலைஞரோடும், தபலாவில் ஜாகிர் உசேனோடும், கடத்தில் விக்கு விநாயக்ராமோடும் சேர்ந்து 'சக்தி' என்ற குழுவைத் தொடங்கினார். முதல் இசைத்தட்டு 1976இல் வந்தது. நம் ஊரில் அன்னக்கிளி ஒலித்த அதே ஆண்டு. அந்த மெக்லாக்ளின் அதற்கு முன் ஜாஸ் மாமேதை மைல்ஸ் டேவிஸின் 1970ஆம் ஆண்டு இசைத்தட்டான 'பிட்சஸ் ப்ரூ'வில் வாசித்தவர். காவேரிப்பட்டணம் பாயில் உட்கார்ந்து 'தேன் சிந்துதே வானம்' கேட்கிறவருக்கும் ஜாஸ் இசையின் மாமேதைக்கும் நடுவே நான்கே நான்கு பேர்: வெங்கடேஷ், வைத்தியநாதன், சங்கர், மெக்லாக்ளின். முதன்முதலில் இந்தக் கோட்டைப் போட்டு முடித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அந்தச் சங்கிலி அறுந்துபோய்விடவுமில்லை. விக்கு விநாயக்ராமின் மகன் செல்வகணேஷ் 2009இல் 'வெண்ணிலா கபடிக் குழு'வுக்கு இசையமைத்தார். கபடி ஆடாத ஊர் நம் பக்கத்தில் உண்டா? அதே செல்வகணேஷும் பாடகர் சங்கர் மகாதேவனும் இருக்கிற 'சக்தி' குழுவுக்குத்தான் 2024இல் கிராமி விருது கிடைத்தது. சங்கர் மகாதேவன் பாட்டு இல்லாமல் உங்கள் கச்சேரி முடிவதில்லை. பாடுவதற்கு முன் இதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்?

பொங்கல் வந்தால் 'காட்டுக்குயிலு மனசுக்குள்ள' பாடாத குழு இல்லை. 1991இல் வந்த 'தளபதி' பாட்டு, எஸ்.பி. பாலசுப்பிரமணியமும் ஜேசுதாசும் சேர்ந்து பாடியது. யாழ்ப்பாணத்தில் குழந்தைப் பருவத்தைக் கழித்து, போரினால் லண்டனுக்கு அகதியாகப் போன மாதங்கி அருள்பிரகாசம் என்ற தமிழ்ப் பெண், எம்.ஐ.ஏ. என்ற பெயரில் உலகப் புகழ் பெற்றார். 2007இல் தம் தாயின் பெயரையே தலைப்பாக வைத்து 'கலா' என்ற இசைத்தொகுப்பை வெளியிட்டார். அதன் முதல் பாட்டுக்குள் ஒலிப்பது நம் காட்டுக்குயிலின் தாளம். அதே தொகுப்பில் இருக்கும் 'பேப்பர் பிளேன்ஸ்' 2008இல் அமெரிக்காவின் பில்போர்டு வரிசையில் நான்காம் இடம் வரை ஏறியது. மேடைக்கு முன்னால் ஆடுகிற கல்லூரிப் பையன்களில் பாதிப் பேர் அந்த ஆங்கிலப் பாட்டைக் கேட்டிருப்பார்கள். தாங்கள் ஆடிக்கொண்டிருக்கும் பாட்டுக்கும் அதற்கும் உறவு இருப்பதை அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

எஸ்.பி.பி. நினைவாகப் பாடும்போது இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1981இல் கே. பாலசந்தர் தம்முடைய தெலுங்குப் படம் 'மரோ சரித்ரா'வை இந்தியில் 'ஏக் துஜே கே லியே' என்று எடுத்தார். அதில் லதா மங்கேஷ்கரும் எஸ்.பி.பி.யும் பாடிய 'தேரே மேரே பீச் மே' எஸ்.பி.பி.க்குத் தேசிய விருது வாங்கித் தந்த படத்தின் பாட்டு. இருபது ஆண்டுகளுக்கு மேல் கழித்து, சுவீடன் நாட்டு இசையமைப்பாளர்கள் அந்தப் பாட்டின் வயலின் இசையிலிருந்து ஒரு துண்டை எடுத்து, பிரிட்னி ஸ்பியர்ஸ் பாடிய 'டாக்ஸிக்'கில் வைத்தார்கள். 2004இல் இங்கிலாந்தில் அது முதலிடம் பிடித்தது; மறு ஆண்டு கிராமி விருதும் வாங்கியது. இந்த இரண்டு பாட்டையும் அடுத்தடுத்து வாசித்துக் காட்டுங்கள். உங்கள் கீபோர்டுக்காரருக்கு இரண்டு நிமிட வேலை. பந்தல் எழுந்து நிற்கும்.

தெலுங்கு பேசுகிற மக்கள் நிறைந்த ஊர்களில் 'நாட்டு நாட்டு' பாடுகிறீர்கள். 2023இல் ஆஸ்கர் வாங்கிய கீரவாணிதான் நமக்கு மரகதமணி, 1991இல் 'அழகன்' படத்துக்கு இசையமைத்தவர் என்று ஒரு குழுவும் சொல்லி நான் கேட்டதில்லை.

இனி வாசிப்பவர்களைப் பற்றி. இதைத்தான் நான் மிகவும் மன்றாடிக் கேட்கிறேன்.

'இளைய நிலா பொழிகிறதே' தொடங்கும்போது கிட்டார் ஒலிக்கிறது, கூட்டம் கைதட்டுகிறது. கைதட்டல் யாருக்கு? 1982இல் 'பயணங்கள் முடிவதில்லை' பதிவில் அந்தக் கிட்டாரை வாசித்தவர் ஆர். சந்திரசேகர். இளையராஜாவின் பாட்டுகளுக்கு டிரம்ஸ் வாசித்த புருஷோத்தமன் அவருடைய உடன்பிறந்தவர். என் நோட்டில் இருவருக்கும் நடுவே நீலக் கோடு இருக்கிறது. 1988இல் 'சூரசம்ஹாரம்' படத்தில் 'நான் என்பது நீயல்லவோ' பாடிய அருண்மொழியும், எத்தனையோ பாட்டுகளில் புல்லாங்குழல் வாசித்த நெப்போலியனும் ஒரே ஆள் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். கேட்பவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

உங்கள் மேடையிலேயே இப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். அந்த ஆடித் திருவிழாவில் டிரம்பெட் வாசித்த பெரியவரை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அறுபத்தைந்து வயதுக்குக் குறையாது. ஒவ்வொரு பாட்டுக்கும் நடுவில் வாத்தியத்தை மடியில் கவிழ்த்து, உள்ளே தேங்கிய நீரைத் தட்டிவிட்டு, உதட்டைத் துண்டால் ஒற்றிக்கொள்வார். தம் இடம் வருவதற்கு நான்கு தட்டு முன்னாலேயே எடுத்து உதட்டில் வைத்துக் காத்திருப்பார். ஒரு தடவைகூடத் தவறவில்லை. இரவு ஒன்றரை மணிக்குக் கூட்டம் கலைந்து, பந்தல்காரர் பாயைச் சுருட்டத் தொடங்கிய பிறகு கலைஞர்களின் பெயரை வாசித்தார்கள். அவர் பெயர் வந்தபோது ஜெனரேட்டர் இரைச்சலில் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. நன்கொடையாளர் பட்டியலை இரவு முழுக்க ஏழெட்டு முறை படித்தார்கள். ஊர் கொடுத்த பணத்தில் நடக்கும் கச்சேரி, படிக்கத்தான் வேண்டும். அதோடு வாசிக்கிறவர் பெயரையும் ஒன்பது மணிக்கே சொல்லலாமே!

நீங்கள் சின்ன மேடைக்காரர்கள் என்று உங்களை நீங்களே குறைத்து எண்ணிக்கொள்ள வேண்டாம். கட்சிக் கூட்டங்களுக்கு ஊர் ஊராகப் போய்ப் பாடிய பாவலர் வரதராசனின் குழுவிலிருந்து வந்தவர் இளையராஜா. எஸ்.பி.பி. நடத்திய மெல்லிசைக் குழுவில் இளையராஜாவும் பாஸ்கரும் கங்கை அமரனும் வாசித்தார்கள். சென்னையில் 'ரூட்ஸ்' என்ற குழுவில் சிவமணியோடும் சுரேஷ் பீட்டர்ஸோடும் கீபோர்டு வாசித்த இளைஞர்தான் 1992இல் 'ரோஜா'வுக்கு இசையமைத்தார். மறு ஆண்டே அந்தச் சுரேஷ் பீட்டர்ஸ் 'சிக்கு புக்கு ரயிலே' பாடினார். அந்தப் பாட்டில் கேட்கும் குழந்தைக் குரல் ரஹ்மானின் அக்கா மகன் ஜி.வி. பிரகாஷ். சி.ஆர். சுப்பராமனின் குழுவில் ஆர்மோனியமும் வயலினுமாக இருந்த இருவர்தான் 1952இல் அவர் இறந்த பிறகு அவர் விட்டுப்போன வேலையை முடித்துக் கொடுத்து, பின்னர் விசுவநாதன் ராமமூர்த்தி ஆனார்கள். எல்லோரும் யாரோ ஒருவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தவர்கள். உங்கள் குழுவில் இன்று தபேலா வாசிக்கும் பையனும் அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறான்.

இலங்கை வானொலியில் படம், பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர் என்று நான்கையும் சொல்லிவிட்டுத்தான் பாட்டைப் போடுவார்கள். பள்ளிக்கூடம் போகாத என் தாயார் அதைக் கேட்டே கண்ணதாசன் பாட்டு எது, வாலி பாட்டு எது என்று பிரித்துச் சொல்லக் கற்றுக்கொண்டார். கைபேசியில் தட்டியவுடன் பாட்டு வருகிற இந்த நாளில், உயிருள்ள ஒரு மனிதர் மைக்கைப் பிடித்து ஒரு கூட்டத்துக்கு நேராகப் பேசுகிற இடம் உங்கள் மேடை மட்டும்தான் மிச்சம்.

ஆகவே பாட்டுக்கு ஒரு வரி. இசையமைப்பாளர், பாடியவர், முடிந்தால் எழுதியவர். தெரியாத பாட்டுக்குப் பெயர் சொல்லாமல் விட்டுவிடுங்கள். ஊகித்துச் சொல்ல வேண்டாம். ஒரு கச்சேரியில் நான்கு பாட்டுக்காவது மேலே சொன்னதைப் போல ஓர் உறவைச் சொல்லுங்கள். உங்கள் வாத்தியக் கலைஞர்களை முதல் ஐந்து பாட்டுக்குள் அறிமுகப்படுத்துங்கள்; பெயரோடு ஊரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

என் இரண்டு நோட்டுகளும் வீட்டில் பத்திரமாக இருக்கின்றன. யார் கேட்டாலும் கொடுக்கிறேன். ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு திருப்பிக் கொடுத்தால் போதும். தை மாதம் எங்கள் ஊருக்கு அதே குழு வருவதாகச் சுவரொட்டி ஒட்டியிருக்கிறார்கள். முன்வரிசையில் இருப்பேன். தேன்கனிக்கோட்டைப் பெரியவரையும் அழைத்திருக்கிறேன். 'தேன் சிந்துதே வானம்' மறுபடியும் பாடுங்கள்.

அன்புடன்,
காவேரிப்பட்டணத்துப் பழைய கேசட் கடைக்காரன்