பாப்பாவுக்கு முதலில் ஒரு அளவு டேப்

திருப்பூர்,
ஞாயிறு இரவு.

அன்புள்ள மாப்ளே,

மார்கழியில் நீ எழுதியதற்குப் பங்குனியில் பதில் போடுகிறேன். திட்டுவதை மொத்தமாகத் திட்டிவிடு, வாங்கிக்கொள்கிறேன். அம்மாவுக்கு முட்டி வலி தேவலையா? தங்கச்சியைக் கேட்டதாகச் சொல். பெரியகுளத்தான் வீட்டுப் பால்காய்ப்புக்கு நீ வராததில் அவன் இன்னும் முறைத்துக்கொண்டு இருக்கிறான். நீயே போய்த் தீர்த்துக்கொள்.

நேற்று நீ அனுப்பிய குரல் செய்தியைக் கேட்ட பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை. பாப்பா ஃபேஷன் டிசைனிங் போகிறேன் என்கிறாள், ஒரு வருட டிப்ளமோவுக்கு இரண்டரை லட்சம், 15-ம் தேதிக்குள் கட்டியாக வேண்டும் என்கிறாய். கட்டாதே மாப்ளே. லோன் கேட்டு வருகிறவனைக் குடைந்தெடுக்கிற நீ, இங்கே மட்டும் கண்ணாடிக் கதவையும் ஏ.சி.யையும் பார்த்துவிட்டு செக் புத்தகத்தை எடுக்கலாமா?

படிப்பே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அவளுடைய ஆசையும் நல்ல ஆசை. பணம் கட்டுவதற்கு முன் அந்த இடத்துக்கு இன்னொரு முறை போய் இதையெல்லாம் கேள். பனியன் கம்பெனியில் ஓடுகிற ஓவர்லாக், பேட்லாக் தையல் மிஷின் இருக்கிறதா, வீட்டுத் தையல் மிஷின் மட்டும்தானா? பேட்டர்ன், அதாவது வெட்டுவதற்கான அளவு வடிவம், போடுகிற கேட் (CAD) சாஃப்ட்வேர் எத்தனை கம்ப்யூட்டரில் ஓடுகிறது? கெர்பரா, லெக்ட்ராவா, ஆப்டிடெக்ஸா? துணியைச் சோதிக்க என்ன கருவி வைத்திருக்கிறார்கள்? போன வருடம் படித்து முடித்தவர்களில் இரண்டு பேரிடம் பேச முடியுமா? இதற்கு நேரான பதில் வராமல், நடிகை வந்து பரிசு கொடுத்த போட்டோவைக் காட்டினால் எழுந்து வந்துவிடு.

பாப்பா பி.எஸ்சி. கணக்கு. மே மாதம் முடிகிறது. அந்தக் கணக்கை மூட்டை கட்டி வைத்துவிட்டு கவுன் வரையப் போகிறேன் என்று அவள் நினைப்பதுதான் என் கவலை எல்லாம். இந்தத் தொழிலில் கணக்கு தெரிந்தவளுக்கு இருக்கிற இடம் அவளுக்கும் தெரியவில்லை, உனக்கும் தெரியவில்லை. ஒரு பனியனை எடுத்துச் சொல்கிறேன். பேனா எடுத்துப் போட்டுப் பார்.

ஒரு ஆண்கள் டி-ஷர்ட், லார்ஜ். உயரம் 72 செ.மீ., கை நீளம் 22. தையலுக்கும் அடி மடிப்புக்கும் 12 சேர்த்தால் 106. மார்பு அகலம் 54, தையலுக்கு 4 சேர்த்தால் 58. முன்பக்கம், பின்பக்கம் என்று இரண்டு, ஆக 106 × 58 × 2 = 12,296 சதுர செ.மீ. துணி 160 ஜி.எஸ்.எம்., அதாவது ஒரு சதுர மீட்டர் 160 கிராம். அப்படியானால் ஒரு பீசுக்கு 197 கிராம் துணி. கட்டிங்கில் போகிற வேஸ்ட் 10 சதவீதம் என்று வைத்தால் 216 கிராம். 10,000 பீஸ் ஆர்டருக்கு 2,160 கிலோ. கழுத்தில் வைக்கிற ரிப் பட்டை இதில் சேரவில்லை. கோரா துணி, அதாவது சாயம் போடாத துணி, டையிங்கில் இழக்கிற எடையும் தனி.

இனிமேல்தான் விஷயம். துணி சாயம் போட்டு, காம்பாக்டிங் (துணியை அமுக்கிச் சுருக்கம் எடுக்கிற வேலை) முடிந்து வந்ததும், ஜி.எஸ்.எம். கட்டரை வைத்து ஒரு திருகு திருகினால் சரியாக 100 சதுர செ.மீ. வட்டம் ஒன்று வெட்டி வரும். உள்ளங்கையில் அடங்குகிற வட்டம். தராசில் 1.6 கிராம் காட்டினால் 160. 1.7 காட்டினால் 170. வித்தியாசம் கால் கிராம்கூட இல்லை, கையில் வைத்தால் ஒன்றும் தெரியாது. ஆனால் 170 ஆகிவிட்டால் ஒரு பீசுக்கு 230 கிராம் வேண்டும், அதே 2,160 கிலோவில் 9,400 பீஸ்தான் தேறும். 600 பீஸ் காணோம்! கட்டிங் டேபிளில் போய்த்தான் இது தெரியவருகிறது என்றால், அதற்கப்புறம் நூல் வாங்கி, நிட்டிங் ஓட்டி, அதே கலரில் சாயம் போட்டு வருவதற்குள் கப்பல் போய்விடும். இரண்டாவது லாட் சாயம் முதல் லாட்டோடு ஒத்துப்போகுமா என்பது வேறு தலைவலி. முதல் ரோல் வந்த அன்றைக்கே அந்த வட்டத்தை வெட்டி நிறுத்துப் பார்க்கிற ஆளைத்தான் கம்பெனிகள் தேடுகின்றன.

எடை 160 என்று சரியாக வந்துவிட்டது என்பதற்காகவும் நம்பிவிடக் கூடாது. துணியை நீளவாக்கில் இழுத்துப் பிடித்து ஓட்டினாலும் ஜி.எஸ்.எம். இறங்கிக் கணக்குக்குச் சரியாக வந்துவிடும். தண்ணீரில் போட்டதும் பனியன் தொப்புளுக்கு ஏறிவிடும். அதனால் துணியில் 50 செ.மீ.க்கு நீளத்திலும் அகலத்திலும் அழியாத மையால் குறி வைத்து, துவைத்துக் காயவைத்து மறுபடி அளக்க வேண்டும். 47.5 வந்தால் 5 சதவீதம் சுருங்கியிருக்கிறது. ஆர்டர் கொடுக்கிற பையர்கள் பெரும்பாலும் அதற்கு மேல் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். ரோலைப் பிரித்து ஒரு நாள் ஆறப்போடாமல் அவசரத்தில் லே போட்டு, அதாவது அடுக்கடுக்காக விரித்து, வெட்டினாலும் இதே கதிதான். வெட்டிய பிறகு துணி தன் இயல்புக்குத் திரும்பும், அளவு குறையும், பழியைத் தைத்தவர் தலையில் போடுவார்கள்.

பாப்பாவுக்கு இன்றைக்கே ஒரு வேலை கொடு. நீ திருப்பூர் வரும்போதெல்லாம் காதர்பேட்டையில் மூட்டை மூட்டையாக வாங்கிப் போவாயே, அந்த செகண்ட்ஸ் (குறை இருப்பதால் ஒதுக்கிய) பனியன்களில் ஒரு ஐந்தை எடுத்து அவள் முன்னால் போடச் சொல். ஒவ்வொன்றும் ஏன் செகண்ட்ஸ் ஆனது என்று அவள் கண்டுபிடிக்க வேண்டும். துணியில் மேலிருந்து கீழாக ஒரே நேராகக் கோடு ஓடுகிறதா, அது நிட்டிங் மிஷினில் ஒரு ஊசி கெட்டது. குறுக்கே பட்டை பட்டையாகத் தெரிகிறதா, நூல் லாட் கலந்திருக்கும், அல்லது மிஷினுக்கு நூல் கொடுக்கிற ஒரு ஃபீடரில் இழுவிசை மாறியிருக்கும். தையல் ஓரத்தில் பொடிப்பொடியாக ஓட்டையா, அது மழுங்கிய ஊசி, அல்லது பனியன் துணிக்கு உரிய உருண்டை முனை ஊசி போடாமல் கூர் முனை ஊசி போட்டது. துவைத்த பிறகு பக்கத் தையல் வயிற்றுப் பக்கம் சுற்றிக்கொண்டு வருகிறதா, சிங்கிள் ஜெர்ஸி என்கிற சாதாரண பனியன் துணியில் நூலின் முறுக்கு அடங்காமல் வளையங்கள் சாய்ந்துவிட்டன. கை ஒரு நீலம், உடம்பு ஒரு நீலமா, கட்டிங்கில் நம்பர் ஸ்டிக்கர் ஒட்டாமல் வேறு வேறு ரோல் பீஸ்களைக் கலந்து தைத்துவிட்டார்கள். கழுத்து அலை அலையாக நிற்கிறதா, ரிப் நீளம் கூடிப்போனது. ரொம்பக் குறைத்தால் தலை நுழையாது. இந்த ஐந்து பனியனை ஒரு வாரம் பார்த்தாலே இரண்டு மாதப் பாடம் ஏறிவிடும். பிறகு அதில் ஒன்றைத் தையல் தையலாகப் பிரித்து, துண்டுகளை பிரவுன் பேப்பரில் வைத்து வரைந்து, அதேபோல் ஒன்று வெட்டித் தைக்கட்டும். முதலில் தைப்பது கோணலாகத்தான் வரும், வரட்டும்.

அப்படியானால் டிசைனர் ஆகவே முடியாதா என்று பாப்பா கேட்பாள். ஆகலாம். ஆனால் டிசைனர் வரைந்ததைத் தொழிற்சாலைக்குப் புரிய வைப்பது டெக் பேக் என்கிற தாள்தான். முன், பின் கோட்டுப் படம், ஒவ்வொரு அளவும் எங்கிருந்து எங்கே எடுப்பது, எவ்வளவு கூடக் குறைய இருக்கலாம், எந்த இடத்தில் எந்தத் தையல், துணி, நூல் கவுண்ட் (நூலின் பருமன் எண்), பேன்டோன் அட்டையில் உள்ள கலர் நம்பர், லேபிள் எங்கே என்று எல்லாம் அதில் இருக்க வேண்டும். "மார்பு அகலம் 54" என்று மட்டும் எழுதினால் போதாது. அக்குளுக்கு 2.5 செ.மீ. கீழே, ஓரத்திலிருந்து ஓரம் என்று எழுத வேண்டும். ஒருவர் அக்குளிலேயே டேப் வைப்பார், இன்னொருவர் கீழே வைப்பார். ஒரு செ.மீ. மாறினாலே சாம்பிள் ரிஜெக்ட். குழந்தைத் துணி என்றால் சட்டமே குறுக்கே வரும். ஐரோப்பாவுக்குப் போகிற சின்னக் குழந்தைகள் உடுப்பில், 7 வயது வரை, தொப்பியிலும் கழுத்திலும் இழுகயிறு இருக்கவே கூடாது. அழகாக இருக்கிறதென்று வரைந்து வைத்தால் மொத்த ஆர்டரும் நின்றுவிடும். வேலை கேட்டுப் போகும்போது கையில் கொண்டுபோகிற ஃபைலில் இப்படி இரண்டு டெக் பேக், அவள் தைத்த இரண்டு பீஸ், அதன் கன்சம்ப்ஷன் கணக்கு (எவ்வளவு துணி பிடிக்கும் என்கிற கணக்கு) இருக்கட்டும். கவுன் படம் நாற்பது வேண்டாம். கோட்டுப் படத்துக்கு இல்லஸ்ட்ரேட்டர், கணக்குக்கு எக்செல், இந்த இரண்டும் கை ஓடினால் போதும்.

உள்ளே நுழைய அவளுக்கு ஏற்ற வாசல் மெர்ச்சண்டைசிங் டிரெய்னி, இல்லாவிட்டால் கேட் ரூமில் பேட்டர்ன் மாஸ்டரிடம் உதவிக்கு. மெர்ச்சண்டைசர் வேலை என்றால் பையருக்கும் தொழிற்சாலைக்கும் நடுவில் நிற்பது. கப்பல் ஏற்றுகிற தேதியிலிருந்து பின்னோக்கி நாள் எண்ண வேண்டும். பேக்கிங், செக்கிங், தையல், கட்டிங், காம்பாக்டிங், டையிங், நிட்டிங், நூல் என்று எண்ணிக்கொண்டே போய் லேப் டிப்பில், அதாவது கலருக்கான சாம்பிள் துண்டில், நிற்கும். அடிவாங்குவது அங்கேதான். சாயப்பட்டறை கொடுக்கிற சின்னத் துண்டை ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்து "கலர் சரியாக இருக்கிறது" என்று அனுப்பிவிடுவார்கள். பையர் கடை விளக்கில் பார்ப்பார், அதில் வேறு கலராகத் தெரியும். லைட் பாக்ஸில் பகல் வெளிச்சம் டி65, கடை விளக்கு டிஎல்84 இரண்டிலும் பார்த்துத்தான் அனுப்ப வேண்டும். மூன்று தடவை ரிஜெக்ட் ஆனால் இரண்டு வாரம் போயிற்று. அந்த இரண்டு வாரத்தைக் கடைசியில் விமானச் சரக்குக் கட்டணமாகக் கம்பெனி கொடுக்கும்.

முதல் மாதம் அவளை ஏ.சி. ரூமில் உட்கார வைத்தால் அவளே கேட்டு தைக்கிற இடத்துக்குப் போகட்டும். கைமடியில், அதாவது தைப்பவருக்குக் கை உதவியாக, நிற்கிற பிள்ளைகளோடு நின்று பார்க்கட்டும். ஊசி உடைந்தால் எல்லாத் துண்டையும் தேடி எடுத்து நோட்டில் ஒட்டிய பிறகுதான் புது ஊசி கொடுப்பார்கள். ஒரு துண்டு கிடைக்காவிட்டாலும் அந்த பண்டல் ஒதுக்கி வைக்கப்படும். ஏன் என்று அங்கே நின்றால்தான் புரியும். இறுதி செக்கிங்கில் 3,000 பீஸ் லாட்டிலிருந்து 125 பீஸ் உருவி எடுப்பார்கள். ஏ.க்யூ.எல். (ஒத்துக்கொள்ளும் குறை அளவு) 2.5 என்றால் பெரிய குறை 7 வரை பாஸ், 8 ஆனால் மொத்த லாட்டும் ஃபெயில். அந்த ஒரு பீஸ் எங்கிருந்து வந்தது என்று சொல்லத் தெரிந்த டிரெய்னியை எந்த மேனேஜரும் விடமாட்டார்.

படிப்பு பற்றி. நிஃப்ட் என்கிற மத்திய அரசின் ஃபேஷன் கல்லூரி சென்னையில், தரமணியில், 1995-லிருந்து இருக்கிறது. அவளுக்குப் பொருந்துவது ஃபேஷன் மேனேஜ்மென்ட் முதுகலை, இரண்டு வருடம். எந்தப் பட்டம் படித்தவரும் எழுதலாம், அதற்கு வரைதல் தேர்வு கிடையாது. கணக்கு, ஆங்கிலம், பொது அறிவு மாதிரியான பொதுத் தேர்வு, அதற்கப்புறம் நேர்காணல். இந்த வருடத் தேர்வு முடிந்துவிட்டது, இனி வரும் பிப்ரவரி வாக்கில்தான். அதுவரை வேலை பார்த்துக்கொண்டே தயார் ஆகட்டும். இங்கேயே ஏற்றுமதியாளர்கள் சங்கம் சேர்ந்து 1997-ல் தொடங்கிய நிஃப்ட்-டீ கல்லூரி முதலிபாளையத்தில் இருக்கிறது. ஒரு நாள் போய்ப் பார்த்து வரலாம்.

நீ கேட்காமல் விட்டதையும் சொல்லிவிடுகிறேன், பெண் பிள்ளை விஷயம். ஷிப்மென்ட் நெருங்கினால் ராத்திரி எட்டு, ஒன்பது ஆகும். ஒன்றரை ஷிஃப்ட் என்பது இங்கே சாதாரணப் பேச்சு. கம்பெனி வண்டி வீடுவரை விடுகிறதா, ஹாஸ்டல் யார் பொறுப்பில், பாலியல் தொல்லை புகார் கமிட்டியில் யார் யார் என்று நேர்காணலிலேயே கேட்கச் சொல். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் அந்தக் கமிட்டி இருந்தாக வேண்டும், 2013 சட்டம். கேட்டதற்கு முகம் சுளிக்கிற இடம் வேண்டாம். பி.எஃப்., இ.எஸ்.ஐ. உண்டா என்றும் கேட்கட்டும். ஆரம்பச் சம்பளம் ஐடிக்காரப் பிள்ளைகளோடு ஒப்பிட்டால் குறைவுதான். அதை இப்போதே தங்கச்சியிடம் சொல்லிவை, பிறகு என்மேல் பாய வேண்டாம்.

தொழில் நிலைக்குமா என்று கேட்டிருந்தாய். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடினபோது ஊரே முடிந்தது என்றார்கள். கழிவுநீரைத் துளி வெளியே விடாமல் சுத்திகரிக்கக் கற்றுக்கொண்டு எழுந்து வந்தார்கள். 2025 ஆகஸ்ட் 27-லிருந்து அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது, அமெரிக்க ஆர்டரையே நம்பியிருந்தவர்களுக்குத்தான் பலத்த அடி. அதனால் சேருகிற கம்பெனிக்குப் பையர்கள் எந்தெந்த நாடு என்று தெரிந்துகொண்டு சேருவது நல்லது.

வருகிற ஞாயிறு காலை பாப்பாவைக் கூட்டிக்கொண்டு வா. காதர்பேட்டையில் சுற்றிவிட்டு மத்தியானம் நம் வீட்டில் சாப்பாடு. திங்கட்கிழமை விடுப்பு போட முடிந்தால் ஒரு நிட்டிங், ஒரு கட்டிங், ஒரு கேட் ரூம் காட்டி அனுப்புகிறேன். தங்கச்சியின் தையல் பெட்டியில் இருக்கிற துணி டேப்பைத் தூக்கிக்கொண்டு வர வேண்டாம், பழசானால் அது ஒரு செ.மீ. நீண்டுவிடும். இரும்பு ஸ்கேலில் ஒத்துப் பார்த்து நல்ல ஃபைபர் டேப் ஒன்று நானே வாங்கி வைக்கிறேன். 15-ம் தேதிக்கு முன்னால் ஒரு போன் போடு.

உன்,
மாப்ளே